இளைய தேசம், தனித்த தேசம்: பண்பாடு செழிக்குமா?

விவாத அரங்குகளில் அடிக்கடி எழும் தலைப்புகளுள் ஒன்று இது: "வயதில் இளையதும் உலகத்திலிருந்து தனித்து நிற்பதுமான ஒரு தேசம் பண்பாட்டு வளம் பெற்று விளங்க முடியுமா?" முடியும் என்பவர்கள் ஒரு பக்கம், முடியாது என்பவர்கள் மறுபக்கம் எனப் பிரிந்து நின்று வாதிடுவது எளிது. மணி அடித்ததும் நடுவர் தீர்ப்புச் சொல்வார். எல்லோரும் கைதட்டிக் கலைவோம். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நமக்கு இது மேடையோடு முடிந்துவிடும் கேள்வி அன்று. மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் ஒடுங்கிய நிலப்பாதையும் உள்ள மண்ணில் வாழ்கிறோம். அந்த மண்ணுக்குள்ளும் நாம் சிறியதொரு சமூகம். ஊரைவிட்டுப் போய், நீண்ட காலத்தின் பின் திரும்பி வந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கிய சமூகம். "எங்களிடம் என்ன இருக்கிறது?" என்று ஒரு மாணவி தன் மனத்துக்குள் கேட்டுக்கொள்வாளானால் அது நியாயமான கேள்வியே. அதற்குரிய விடையை வரலாற்றின் துணையோடு தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களைத் தெளிந்துகொள்வோம்

வாதத்துக்குள் இறங்குமுன் சொற்களின் பொருளைத் தெளிந்துகொள்வது நன்று. "பண்பாடு" என்ற சொல்லை நாம் மிகப் பழைய சொல்லாக எண்ணுகிறோம். அதன் வேரான "பண்பு" பழையதுதான். ஆயினும் இன்று நாம் வழங்கும் பொருளில் "பண்பாடு" இருபதாம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்று பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை குறிப்பிட்டுள்ளார். ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய ஒரு மொழி, தன் வாழ்க்கை முறையைக் குறிக்க நேற்றுப் பிறந்த ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறது. இளமை என்பது வறுமையின் அடையாளம் அன்று என்பதற்கு இதுவே முதற் சான்று.

அச்சொல்லின் உட்பொருளும் கவனிக்கத்தக்கது. நிலத்தைப் பண்படுத்துதல் என்கிறோம். கல்லைப் பொறுக்கி, மண்ணைக் கிளறி, குழை தாழ்த்தி, பட்டி அடைத்து, நீர் இறைத்து விளைநிலமாக்குவதே பண்படுத்துதல். பண்பாடும் அவ்வாறே. அது காலம் தானாகக் கொண்டுவந்து கொடுக்கும் சொத்து அன்று. கை உழைத்து உண்டாக்குவது. பழைய நிலமாயினும் உழாமல் விட்டால் பற்றை மண்டும். புதிய நிலமாயினும் பண்படுத்தினால் விளையும்.

இனி, "இளமை", "தனிமை" என்ற இரண்டையும் பார்ப்போம். இளைய தேசத்துக்கு நினைவுகள் குறைவு, முன்னோர் வைத்த நூல்கள் குறைவு என்பது ஒரு வாதம். தனித்த தேசத்துக்குப் பிறரிடம் கற்கும் வாய்ப்புக் குறைவு என்பது இன்னொரு வாதம். இரண்டும் வலுவான வாதங்களே. இவற்றை உதாரணங்களை வைத்துச் சோதிப்போம்.

வடகடலில் ஒரு தீவு

ஐரோப்பாவின் வடமேற்கே ஐஸ்லாந்து என்ற தீவு உள்ளது. 874ஆம் ஆண்டளவில் நோர்வேயிலிருந்து சென்றவர்கள் அங்கே குடியேறத் தொடங்கினர். எரிமலையும் பனியும் நிறைந்த நிலம், நெடிய குளிர்காலம், நாள்கணக்கான கடற்பயணம். இளமை, தனிமை ஆகிய இரண்டுக்கும் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

அங்கு சென்றவர்கள் 930இல் தங்களுக்கென ஒரு பொதுச்சபையை அமைத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில், தங்கள் முன்னோர் குடியேறிய கதைகளையும் குடும்பப் பகைகளையும் கடற்பயணங்களையும் தம் சொந்த மொழியில், உரைநடையில் எழுதினர். அக்கால ஐரோப்பாவில் கற்றவர்கள் பெரும்பாலும் இலத்தீனில் எழுதிக்கொண்டிருந்தனர் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். "சாகா" எனப்படும் அக்கதைகள் கன்றுத்தோலில் எழுதப்பட்டன. குளிர்கால இரவுகளில் வீட்டார் எல்லோரும் ஓரிடத்தில் கூடி, கம்பளி நூற்றபடியும் பின்னியபடியும் இருக்க, ஒருவர் உரக்க வாசிப்பார். பண்ணை வீடே பள்ளிக்கூடமாயிற்று.

இன்றும் அந்நாட்டின் சனத்தொகை நான்கு இலட்சத்தை எட்டவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாழ்வோர் தொகையே அதைவிட அதிகம். ஆயினும் அந்நாட்டு எழுத்தாளர் ஹல்டோர் லக்ஸ்னஸ் 1955இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். புதிய பொருள் ஒன்று வந்தால் அந்நாட்டார் பிறமொழிச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தம் பழஞ்சொற்களிலிருந்து புதுச்சொல் ஆக்குவர். தொலைபேசிக்கு அவர்கள் வழங்கும் "சீமி" என்ற சொல், நூல் அல்லது கயிறு என்னும் பொருளுடைய மறந்துபோன ஒரு பழஞ்சொல். நாம் "கணினி" என்றும் "தொலைபேசி" என்றும் சொல்வது போலத்தான்.

எனினும் இந்தக் கதையில் இருண்ட பக்கமும் உண்டு. வறுமைக் காலத்தில் சில ஏடுகளைக் கிழித்து உடுப்பு வெட்டும் வடிவத்தாளாகவும் பயன்படுத்தினர். 1783இல் லாக்கி எரிமலை வெடித்தபின் வந்த பஞ்சத்தில் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். தனிமை இனிமையானது என்று யாரும் பாடம் சொல்ல வேண்டாம்.

அதே மக்கள் மேலும் மேற்கே சென்று கிறீன்லாந்தில் ஒரு குடியிருப்பை அமைத்தனர். மொழி ஒன்று, மதம் ஒன்று, பழக்கவழக்கம் ஒன்று. ஆனால் காலப்போக்கில் அங்கு கப்பல்கள் வருவது நின்றுபோயிற்று. 1408இல் ஹ்வால்சி என்ற ஊரின் தேவாலயத்தில் நடந்த ஒரு திருமணமே அக்குடியிருப்பைப் பற்றி எஞ்சியுள்ள கடைசி எழுத்துப் பதிவு. அதன்பின் அம்மக்களின் குரல் கேட்கவில்லை. ஐஸ்லாந்து தனித்திருந்தது, ஆனால் அதன் துறைமுகம் மூடப்படவில்லை. கிறீன்லாந்தின் துறை வெறிச்சோடியது. ஒரே மக்கள், இரு முடிவுகள். தொலைவில் இருப்பது வேறு, தொடர்பு அறுவது வேறு என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

நமது அயலில் ஒரு நாடு

அவ்வளவு தூரம் போகாமல் நம் அயலைப் பார்த்தாலும் ஓர் உதாரணம் கிடைக்கும். மாலைதீவு, இந்து சமுத்திரத்தில் சிதறிய மணல் திட்டுகளாலான நாடு. பெரிய ஆறு இல்லை, மலை இல்லை, கல் என்றால் பவளக்கல் மட்டுமே. 1153இல் அந்நாட்டார் இஸ்லாத்தை ஏற்றனர். இன்றைய சுதந்திர நாடு என்ற வகையில் அது பிறந்தது 1965 யூலை 26ஆந் திகதி. நமது இலங்கையை விடவும் இளையது.

அந்தச் சிறு தீவினர் தங்கள் திவேகி மொழிக்கென ஓர் எழுத்தை உண்டாக்கினர். "தானா" என்பது அதன் பெயர். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு இலக்கங்களிலிருந்தும், அடுத்த ஒன்பது எழுத்துகள் உள்ளூர்ப் பழைய இலக்கங்களிலிருந்தும் பிறந்தவை. அது வலமிருந்து இடமாக எழுதப்படுவதால் அரபுச் சொற்களையும் இடையே எழுதிச் செல்ல முடிகிறது. இலக்கங்களைக் கொண்டு ஓர் அரிச்சுவடியையே அமைத்த மக்கள் உலகில் வேறு எங்கும் எளிதில் காணக்கிடையார். மாலே நகரிலுள்ள பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் 1658இல் கட்டப்பட்டது. பவளக்கல்லை அறுத்து, செதுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி எழுப்பிய சுவர்கள் அதனுடையவை. கையில் கிடைத்தது பவளக்கல். அதிலே அவர்கள் கலை செய்தார்கள்.

கவனியுங்கள். தானா எழுத்தில் பாதி வெளியிலிருந்து வந்தது, பாதி உள்ளூரில் இருந்தது. இரண்டையும் சேர்த்த கை அவர்களுடையது. வளமான பண்பாடு எதை எடுத்து ஆராய்ந்தாலும் பெரும்பாலும் இதே கணக்கைத்தான் காண்போம்.

மதீனாவின் பாடம்

இளமையும் தனிமையும் ஒருங்கே அமைந்த சமூகம் ஒன்றை நாம் சிறு வயதிலிருந்தே படித்து வருகிறோம். 622இல் ஹிஜ்ரத்தின் பின் மதீனாவில் அமைந்த சமூகமே அது. பிறந்து ஓரிரு ஆண்டுகளே ஆன சமூகம்; சுற்றிலும் பகை. 624இல் பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளுள் எழுத்தறிவுடையோர், மதீனாச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் அதுவே அவர்களின் மீட்புத் தொகை என ஏற்கப்பட்டதை சீறா நூல்கள் கூறுகின்றன. பொன்னும் பொருளும் மிகத் தேவைப்பட்ட வேளையில், பகைவரிடமிருந்து எழுத்தைப் பெற்றுக்கொள்வது மேலெனக் கருதப்பட்டது. சமூகங்கள் பலவாக இருப்பதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்ற திருக்குர்ஆனின் போதனைக்கு இது செயல்வடிவம் போல அமைகிறது. இளைய சமூகம் தன் வறுமையை எப்படி வெல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

குடாநாட்டின் கதை

இனி நம் மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் படிந்த மெல்லிய மண்பரப்பு. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் ஓடிக் கோடையில் காயும் வழுக்கையாறு மட்டுமே உண்டு. பெருநிலத்தோடு இணைப்பது ஆனையிறவின் ஒடுங்கிய பாதை. இயற்கை இங்கு தாராளமாக எதையும் தரவில்லை. கிணறு வெட்டித் துலா மிதித்து நீர் இறைத்து, பனையிலிருந்து உணவும் பாயும் வேலியும் எடுத்து வாழ்ந்தனர் இம்மண்ணின் மக்கள்.

ஆனால் கடல் இங்கு மதிலாக இருக்கவில்லை, வீதியாகவே இருந்தது. நயினாதீவில் உள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகு மன்னன் காலத்தது. வெளிநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மிகுதி உடையவனுக்கு; வேறு வணிகப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி அரசுக்கு, சரிபாதி உடையவனுக்கு. வரப்போகும் அந்நியனின் உடைந்த கப்பலுக்கும் நியாயம் எழுதி வைத்த கரை இது.

1344இல் மொரொக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்தபோது ஆரியச்சக்கரவர்த்தி மன்னரைச் சந்தித்தார். மன்னர் பாரசீக மொழி அறிந்தவராக இருந்தார் என்பதை அவர் தம் பயணக்குறிப்பில் எழுதியுள்ளார். தமிழ் மன்னர் ஒருவரும் அரபு நாட்டு அறிஞர் ஒருவரும் முத்தைப் பற்றியும் பாவாதமலையைப் பற்றியும் உரையாடிய அந்த இடம் புத்தளம் என்பது ஆய்வாளர் கருத்து. புத்தளம் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அங்கு மீண்டும் செல்வோம்.

யாழ்ப்பாண அரசு பெரிய அரசு அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்து 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அந்தச் சிறு அரசின் ஆதரவில் மருத்துவ நூலான செகராசசேகரமும், சோதிட நூலான செகராசசேகரமாலையும் எழுந்தன. அரசகேசரி, காளிதாசனின் காவியத்தைத் தழுவித் தமிழில் இரகுவமிசம் பாடினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்குடாநாடு தமிழுலகம் திரும்பிப் பார்க்கும் இடமாயிற்று. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். 1841இல் "உதயதாரகை" பத்திரிகை வெளிவந்தது. 1842இல் மானிப்பாய் அகராதி அச்சேறியது. வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கெனத் தமிழ்க் கலைச்சொற்களை ஆக்கி நூல்களை வெளியிட்டார். இவர்களுக்கு எதிர்நின்று சைவத்தைக் காக்க முனைந்த ஆறுமுக நாவலர், அவர்களின் கருவிகளையே தமதாக்கிக் கொண்டார்: பாடசாலை, அச்சகம், எளிய உரைநடை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். சின்னஞ்சிறு குடாநாட்டின் மைந்தர் பெருந்தமிழகத்தின் பழஞ்செல்வத்தை மீட்டனர்.

இந்த மறுமலர்ச்சி எதனால் வந்தது? புதியவர் வந்தனர், பழையவர் விழித்தனர், இருவரும் மோதினர், மோதலினூடே ஒருவரிடம் ஒருவர் கற்றனர். கதவு திறந்திருந்தது; வீட்டுக்குள் ஆளும் இருந்தார்கள். இரண்டும் வேண்டும்.

அதே மண்ணில் நமது பங்கு

இந்த வளத்தில் முஸ்லிம்களின் பங்கு என்ன? தமிழ் பேசும் முஸ்லிம்களின் இலக்கியம் தமிழின் முழு வரலாற்றோடு ஒப்பிட்டால் இளையது. முழுமையாக நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படும் ஆயிர மசலா 1572இல் எழுந்தது. ஆயினும் அது புதிய பாத்திரங்களோடு தமிழ் வீட்டுக்குள் வந்தது. மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத், படைப்போர் என்பன தமிழுக்கு முஸ்லிம் புலவர்கள் தந்த புதிய இலக்கிய வகைகள். அதேவேளை அவர்கள் பழைய பாத்திரங்களை ஒதுக்கவும் இல்லை. உமறுப்புலவர் பெருமானாரின் வாழ்வைத் தமிழ்க் காப்பிய மரபில் சீறாப்புராணமாகப் பாடினார். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில், பெண்கள் வீட்டிலிருந்தே மார்க்கம் கற்கும் கிதாபுகள் பிறந்தன.

யாழ்ப்பாணத்திலும் அந்த ஓடை பாய்ந்தது. பதுறுத்தீன் புலவர் முகியித்தீன் புராணம் பாடினார். அசனாலெப்பை ஆலிம் புலவர் நவரத்தினத் திருப்புகழ் பாடினார். திருப்புகழ் என்ற தமிழ் மரபின் சந்தத்தில் இஸ்லாமியப் பொருளை அமைத்த துணிவு எண்ணி மகிழத்தக்கது. கண்டியிலே அறிஞர் சித்திலெப்பை 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அவர் எழுதிய அசன்பே சரித்திரம் இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. அதாவது ஈழத்துத் தமிழ் நாவலின் முதற் கதவைத் திறந்தவர் ஒரு முஸ்லிம்.

1911இல் வண்ணார்பண்ணையிற் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றார். இலங்கைச் சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிம் அவர். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். முஸ்லிம் மாணவருக்கான புலமைப்பரிசில் நிதியம் உருவாக உழைத்தார். "இலங்கையில் இஸ்லாம்" முதலிய நூல்களைத் தமிழில் எழுதினார். தமிழ் இலக்கியத்தைத் தமிழ்ச் சூழலில் கற்று, இஸ்லாமிய உலகை நோக்கிக் கண் திறந்து, இரண்டையும் தம் சமூகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். சோனகர் தெருவுக்கு அண்மையிலே பிறந்த ஒரு பிள்ளை அயலவரின் பாடசாலையிலே படித்து இவ்வளவு உயர்ந்தது என்றால், அதில் அந்தப் பிள்ளைக்கும் பெருமை உண்டு, அந்த அயலவருக்கும் பெருமை உண்டு.

இரு தனிமைகள்

இனிச் சொல்லப்போவது கசப்பானது. சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

1981 யூன் முதலாந் திகதி இரவோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1933இல் தமது வீட்டிலேயே நூல்களைச் சேர்த்து இரவல் கொடுக்கத் தொடங்கிய க. மு. செல்லப்பா என்ற தனிமனிதரின் முயற்சியிலிருந்து வளர்ந்த நூலகம் அது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1971 ஏப்ரலில், டென்மார்க் திருப்பிக் கொடுத்த பழைய தோற்சுவடிகளை ஏற்றிய கப்பல் ஐஸ்லாந்தின் துறைமுகத்துக்கு வந்தபோது மக்கள் கரையிலே திரண்டு நின்று வரவேற்றனர். ஒரு தீவில் நூல்களை வரவேற்கக் கூட்டம். இன்னொரு தீவில் நூல்களை எரிக்கக் கூட்டம்.

1990களில் குடாநாடு வெளியுலகிலிருந்து அறுக்கப்பட்டது. மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, பாதை இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்ட விளக்கொளியில் பிள்ளைகள் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்னில் வானொலி கேட்டனர். அச்சுத்தாள் தட்டுப்பட்டபோது கோடிட்ட கொப்பித் தாளிலே பத்திரிகையும் சஞ்சிகையும் அச்சிட்டனர். கடலும் காவலரணும் தந்த அந்தத் தனிமை மக்களின் கற்பனையைக் கொல்லவில்லை. கூர்மையாக்கியது என்றே சொல்லலாம்.

ஆனால் அதே காலத்தில் வேறொரு தனிமையும் இம்மண்ணில் விதைக்கப்பட்டது. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேரத்துள் வெளியேறும்படி கட்டளையிடப்பட்டனர். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கினர். தமிழ் மன்னரும் அரபுப் பயணியும் அமர்ந்து உரையாடிய அதே புத்தளம்.

அன்று குடாநாடு இழந்தது கடைகளையும் தையல் இயந்திரங்களையும் மட்டுமா? ஒரு பேச்சுவழக்கை இழந்தது. பெருநாள் வட்டிலப்பத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உறவை இழந்தது. பாங்கொலியும் கோயில் மணியும் ஒரே காற்றில் கேட்ட காலையை இழந்தது. ஐஸ்லாந்தும் மாலைதீவும் நமக்குக் கற்பித்தது என்ன? இடத்தால் வரும் தனிமையை உழைப்பால் வெல்லலாம். மனத்தால் வரும் தனிமை அத்தகையது அன்று. "நாங்கள் மட்டும் போதும்" என்று ஒரு சமூகம் சொல்லத் தொடங்கினால் அன்றே அதன் பண்பாடு மெலியத் தொடங்குகிறது. அந்தச் சமூகம் பெரியதா சிறியதா, பழையதா இளையதா என்பது அங்கே பொருட்டன்று.

கண்ணாடியை நம் பக்கம் திருப்புவோம்

இந்த அளவுகோலைப் பிறருக்கு மட்டும் வைப்பது நீதியன்று. யுத்தம் முடிந்த 2009க்குப் பின் பல குடும்பங்கள் திரும்பி வந்தன. இன்னும் பலர் புத்தளத்திலேயே வேரூன்றினர். திரும்பியவர்களின் பிள்ளைகள் பலர் இவ்வூரைக் கதைகளில் மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள். அவ்வகையில் நாம் பழைய ஊரில் வாழும் இளைய சமூகம். நம் முன் இரு ஆபத்துகள் உள்ளன. ஒன்று, இழந்ததை எண்ணி எண்ணிக் கதவைச் சாத்திக்கொள்வது. மற்றது, பிழைப்பே பெரிதென ஓடி, நம்மிடம் இருப்பதை மறந்துவிடுவது.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. பிள்ளை தமிழ்ப் பாடத்துக்கு மேலாக ஒரு நாவலையோ கவிதை நூலையோ எடுத்தால் "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்கிறோம். பரீட்சை முக்கியம்தான், அதை மறுப்பார் இல்லை. ஆனால் பரீட்சைக்கு வருவதை மட்டும் படித்த சமூகம் எதுவும் புதிதாக எழுதியதில்லை. பெண்பிள்ளை நூலகம் செல்லவும், சக சமூகத்து மாணவியரோடு நாவன்மைப் போட்டியில் எதிர்நிற்கவும் வழிவிடுங்கள். அஸீஸின் வாப்பா தம் மகனை இந்துக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கியிருந்தால் நமக்கு அஸீஸ் கிடைத்திருப்பாரா?

மாணவியரிடம் ஒரு வார்த்தை. பண்பாடு என்றால் பெரும் காவியமும் மாளிகையும்தான் என்று எண்ணாதீர்கள். உங்கள் மூத்தம்மாவின் வாயில் இருக்கும் தாலாட்டும், கலியாண வீட்டுப் பாட்டும், அவர் மட்டும் வழங்கும் சில சொற்களும் எந்த நூலகத்திலும் இல்லை. பெட்டியின் அடியில் கிடக்கும் அரபுத்தமிழ்க் கிதாபை வாசிக்கத் தெரிந்தவர் இன்று வீட்டில் ஒருவரேனும் உண்டா என்று பாருங்கள். இருந்தால் இந்த விடுமுறையிலேயே அவரருகில் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த விடுமுறைக்கு அவர் இருப்பார் என்று எவரும் உறுதி கூற முடியாது. செல்லப்பா வீட்டிலிருந்து தொடங்கியதுபோல, ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு நீங்களும் தொடங்கலாம்.

முடிவுரை

தொடக்கக் கேள்விக்கு வருவோம். இளைய, தனித்த தேசம் பண்பாட்டு வளம் பெற முடியுமா? முடியும். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. தன்னிடம் உள்ளதை எழுதிவைக்கும் கை வேண்டும். வெளியிலிருந்து வருவதை அஞ்சாமல் ஏற்று, தன் மொழியில் தனதாக்கும் துணிவு வேண்டும். தன் நடுவே வாழும் சிறியவருக்கும் வேறானவருக்கும் இடம் கொடுக்கும் நெஞ்சம் வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் மறதி வரும். இரண்டாவது இல்லாவிட்டால் தேக்கம் வரும். மூன்றாவது இல்லாவிட்டால் மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டும் வறியவராவோம். இம்மண் மூன்றுக்கும் உதாரணம் தந்திருக்கிறது; மூன்றையும் மீறியும் பார்த்திருக்கிறது.

சிந்தனைக்கும் செயலுக்கும்

1. நயினாதீவுக் கல்வெட்டின் விதிகள் அக்காலக் கரையோர மக்களின் எத்தகைய மனப்பாங்கைக் காட்டுகின்றன?

2. ஐஸ்லாந்துக்கும் கிறீன்லாந்துக் குடியிருப்புக்கும் நேர்ந்த வெவ்வேறு முடிவுகளை ஒப்பிட்டு ஒரு பந்தி எழுதுக.

3. "நாவலரும் மிஷனரிமாரும் எதிர்த்து நின்றும் ஒருவரிடம் ஒருவர் கற்றனர்." இக்கூற்றை ஆராய்க.

4. உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவரிடம், 1990க்கு முன் அவர் வாழ்ந்த தெருவைப் பற்றிக் கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே இரண்டு பக்கம் எழுதி வருக. அயலில் இருந்த தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றியும் அதில் இடம்பெற வேண்டும்.